பேஸ்பால் கேள்வி-பதில்: 45 என்றால் ஃபெயில் இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அமெரிக்காவில் ஹைஸ்கூல் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளைப் பற்றியவை. பையனின் ஆட்டத்தை எப்படி எடைபோடுவது, காலேஜ் டீமில் இடம் கிடைக்குமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் பேரனுக்கு 16 வயது. அவன் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் எழுதிய அறிக்கையை மகள் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாள். "ஹிட் 30/45, பவர் 25/50, ரன் 50, ஆர்ம் 45/55, ஃபீல்ட் 40/50" என்று இருக்கிறது. எங்கள் காலத்தில் 35 எடுத்தால்தான் பாஸ். பையன் தேறுவானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: இது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை, ஐயா. நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் பேஸ்பால் ஸ்கவுட்டுகள் போடும் கணக்கு 20இல் தொடங்கி 80இல் முடியும். 20க்குக் கீழேயும் கிடையாது, 80க்கு மேலேயும் கிடையாது. நடுவில் உள்ள 50 என்பது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக்கில் ஆடும் ஒரு சராசரி ஆட்டக்காரரின் அளவு. உங்கள் பேரனின் பள்ளியையோ மாவட்டத்தையோ வைத்துப் போட்ட சராசரி இல்லை அது. 60 வாங்குகிறவர் மேஜர் லீக்கிலேயே அந்தத் திறமையில் முன்வரிசை. 70 அபூர்வம். 80 என்று ஒரு ஸ்கவுட் எழுதினால் அவருடைய மேலதிகாரி போன் போட்டுக் காரணம் கேட்பார்.

ஐந்து திறமைகளைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்: பந்தைத் தொடர்ந்து அடிப்பது, தூரமாக அடிப்பது, ஓடுவது, எறிவது, பிடிப்பது. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண் இன்றைய நிலை. பின்னால் உள்ளது உடம்பு முதிர்ந்து ஆட்டம் கைவந்த பிறகு எட்டக்கூடும் என்று அவர் நினைக்கும் நிலை. 16 வயதுப் பையனுக்கு "இன்று பவர் 25" என்பது அவமானமே இல்லை. அந்த வயதில் பெரும்பாலோர் அங்கேதான் நிற்கிறார்கள். ஓட்டத்துக்கு மட்டும் ஒரே எண் இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓட்டவேகம் மற்றவை போல வளராது. வயது ஏறி எடை கூடினால் குறைவதும் உண்டு.

இரண்டாவது எண்கள் எல்லாம் 45க்கும் 55க்கும் இடையில் இருப்பதைப் பார்த்தால், இது "தேறுவானா" என்று கேட்கும் அறிக்கையே இல்லை. பெரிய காலேஜ்கள் கதவைத் தட்டும் அறிக்கை. அதனால்தான் ஒரு சந்தேகமும் வருகிறது. எழுதியவர் யார் என்று மகளிடம் கேளுங்கள். ஒரு மேஜர் லீக் அணிக்காகவோ காலேஜுக்காகவோ பார்க்க வந்தவர் என்றால் கொண்டாடலாம். நீங்கள் பணம் கட்டிச் சேர்ந்த ஷோகேஸில் (ஸ்கவுட்டுகளுக்கும் கோச்சுகளுக்கும் திறமையைக் காட்டும் நிகழ்ச்சி) கொடுத்த தாள் என்றால், கட்டணம் கட்டியவர்களைச் சோர்ந்த முகத்தோடு அனுப்ப யாருக்கும் மனம் வராது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். "ரன் 50" ஒன்றை நீங்களே சரிபார்க்கலாம்: 60 யார்ட் தூரத்தை, அதாவது சுமார் 55 மீட்டரை, 6.8, 6.9 விநாடிக்குள் ஓடுகிறானா? ஓடினால் மற்ற எண்களையும் கொஞ்சம் நம்பலாம்.

கேள்வி: மகன் 10ஆம் வகுப்பு, வலக்கை பிட்சர் (பந்து வீசுபவன்). போன மாதம் ஒரு கேம்பில் ரேடார் மணிக்கு 84 மைல் காட்டியது. தனிப் பயிற்சி தரும் கோச் "டிவிஷன் 1 உறுதி" என்கிறார், அதாவது காலேஜ் விளையாட்டின் மூன்று அடுக்குகளில் முதலாவது. நம்பலாமா?
– ஒரு தந்தை, ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பதில்: கோச்சை நம்புவதற்கு முன் அந்த 84 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிட்சருக்கான மேடான மவுண்டில் நின்று, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரை நோக்கி, வழக்கமான பந்தால் வீசியதா? இல்லை, நாலு எட்டு ஓடிவந்து வலையில் எறிந்ததா? ஓடிவந்து எறிந்தால் சில மைல்கள் சும்மாவே கூடும். பயிற்சிக்கு வைத்திருக்கும் எடை குறைந்த பந்தாக இருந்தாலும் கூடும். ஆட்டப் பந்து 5 முதல் 5.25 அவுன்ஸ் இருக்க வேண்டும். அடுத்தது, 84 அன்றைய ஒரே ஒரு பந்தா, எல்லாப் பந்துமேவா? ஒரு பந்து 84ஐத் தொட்டு மற்றவை 79, 80 என்றால் அவன் 80 மைல் பிட்சர். காலேஜ் கோச் கேட்பதும் "எவ்வளவு தொட்டான்" என்பதை அல்ல, "எதில் நிற்கிறான்" என்பதைத்தான்.

ரேடாரைப் பக்கவாட்டில் பிடித்தால் எண் குறையுமே தவிரக் கூடாது. பந்து போகும் கோட்டிலிருந்து 10 டிகிரி விலகினால் 84 மைல் பந்து 83க்குச் சற்றுக் கீழே காட்டும்; 20 டிகிரி விலகினால் 79 ஆகிவிடும். வேலிப் பக்கம் உட்கார்ந்து அளந்துவிட்டு "இன்றைக்குப் பையனுக்கு வேகம் வரவில்லை" என்று வீட்டில் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு அப்பால் நில்லுங்கள். ஒரு நோட்டில் இன்னிங்ஸ் வாரியாக, முழு வேகத்தில் வீசும் ஒவ்வொரு ஃபாஸ்ட்பாலின் எண்ணையும் எழுதுங்கள். ஒரு ஆட்டம் போதாது, மூன்று ஆட்டங்கள் வேண்டும். எண்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுத்தால் அதுதான் அவன் வேகம். முதல் இன்னிங்ஸின் நடு எண்ணையும் நான்காவது இன்னிங்ஸின் நடு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று மைலுக்கு மேல் விழுந்தால் களைத்துப்போகிறான் என்று பொருள். காலிலும் இடுப்பிலும் பலம் போதாமலும் இருக்கலாம்.

வேகத்தை வைத்து மட்டும் பேசினால், கோச்சுகள் மனதில் வைத்திருக்கும் வரம்பு ஏறக்குறைய இது. எஸ்.இ.சி., ஏ.சி.சி. போன்ற பெரிய கான்ஃபரன்ஸ்களில் (காலேஜ் அணிகளின் கூட்டமைப்பு) வலக்கைக்காரர் 90க்கு மேல் நிற்க வேண்டும். மற்ற டிவிஷன் 1 காலேஜ்களுக்கு 86 முதல் 90. டிவிஷன் 2க்கு 84 முதல் 88. டிவிஷன் 3க்கு 80 முதல் 86, நல்ல அணி என்றால் அதற்கு மேலும். இடக்கைக்காரருக்கு எல்லாவற்றிலும் இரண்டு மூன்று மைல் தள்ளுபடி உண்டு. இவை 12ஆம் வகுப்பில் இருக்க வேண்டியவை. 10ஆம் வகுப்பில் உங்கள் மகன் உண்மையிலேயே 82, 84இல் நின்றால் அது நல்ல தொடக்கம்தான்.

ஆனால் வேகம் கதவைத் திறக்கும், உள்ளே உட்கார வைக்காது. மூன்று விஷயங்களைக் கூடவே எண்ணுங்கள். முதலாவது, 100 பந்தில் எத்தனை ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க எல்லைக்குள் வரும் அல்லது பேட்ஸ்மேன் பேட்டை வீசும் பந்து)? 60க்குக் கீழே என்றால் எந்த வேகமும் காப்பாற்றாது. இரண்டாவது, பேட்ஸ்மேனை ஏமாற்ற மெதுவாக வீசும் சேஞ்ச்அப் ஃபாஸ்ட்பாலைவிட 8 முதல் 10 மைல் குறைவாக, அதே கைவீச்சில் வருகிறதா? கையை மெதுவாக்கித்தான் பந்தை மெதுவாக்குகிறான் என்றால் நல்ல பேட்ஸ்மேன் இரண்டாவது பந்திலேயே கண்டுபிடித்துவிடுவான். மூன்றாவது, எதிரணி ஓட்டக்காரர் முதல் பேஸில் (அவர் ஓடித் தொட வேண்டிய மூலைகளில் முதலாவது) நிற்கும்போது, உடம்பு அசையத் தொடங்கிய கணத்திலிருந்து பந்து கேட்சர் கையில் விழும் வரை எத்தனை விநாடி? 1.3 நன்று. 1.5 ஆனால் ஓடத் தெரிந்த எவனும் இரண்டாம் பேஸைத் திருடுவான், அதாவது பிட்சர் வீசும்போதே அங்கே ஓடிச் சேர்ந்துவிடுவான்; பழி கேட்சர் தலையில் விழும்.

உடம்பையும் பார்ப்பார்கள். அகன்ற தோள், நீண்ட கை, பெரிய பாதம், இன்னும் சதைபிடிக்காத உடம்பு என்றால் "இவன் இன்னும் 20 பவுண்டு ஏற இடமிருக்கிறது" என்று எழுதிக்கொள்வார்கள். 14 வயதிலேயே மீசை முளைத்து முழு ஆளாகிவிட்ட பையன் இன்று வேகமாக வீசினாலும், அவனுக்கு இனி ஏறும் இடம் குறைவு. பெற்றோரின் உயரத்தை ஓரக்கண்ணால் அளக்காத ஸ்கவுட் கிடையாது.

"உறுதி" என்ற சொல்லுக்கு வருவோம். டிவிஷன் 1 பேஸ்பால் கோச்சுகள் ஒரு பையனோடு ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் சேர்க்கும்) பேச்சைத் தொடங்கவே 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை விதி இடம் தராது. உங்கள் மகனோடு இன்னும் எந்த டிவிஷன் 1 கோச்சும் பேசவே முடியாத நிலையில், உறுதி யார் கொடுத்தது? ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடுபவர்களில், காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் மூன்று டிவிஷன்களிலும் சேர்த்து இடம் பிடிப்பவர்கள் சுமார் 7 விழுக்காடு. டிவிஷன் 1இல் மட்டும் 2 விழுக்காட்டை ஒட்டித்தான். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக 21, 22 வயது ஆட்டக்காரர்கள் ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறார்கள். 18 வயதுப் பையனின் நாற்காலியில் அவர்களில் ஒருவர் உட்கார்ந்திருக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ஸ்கூல் டீம், ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீம், ஞாயிறு லீக் என்று மூன்றிலும் பிட்சிங். போன வாரத்திலிருந்து முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறது என்கிறான். ஐஸ் வைத்தால் போகிறது. ஷோகேஸுக்கு இன்னும் மூன்று வாரம்தான். அனுப்பலாமா?
– ஒரு அம்மா, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம் அம்மா. இன்றே எறிவதை நிறுத்தச் சொல்லுங்கள். பந்து பிடித்து விளையாடுவதும் எறிவதுதான். விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தோளின் பின்பக்கமும் மேல்கையின் சதையும் மறுநாள் கனத்துக் கிடப்பது சாதாரணம், இரண்டு நாளில் போய்விடும். முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் அது வேறு. 14 வயதில் அந்த இடத்தில் எலும்பு இன்னும் ஒட்டி முடியவில்லை. குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு பந்துக்கும் தசைநார் அதை வெளியே இழுக்கிறது. சதைக்கும் நாருக்கும் முன்னால் அதுதான் விட்டுக்கொடுக்கும். ஐஸ் வலியைத்தான் மறைக்கும், தட்டை ஒட்டவைக்காது. வளர்ந்த பிறகு இதே இழுப்பு உள்பக்கப் பிணைப்பு நாரில் விழும். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்து, பிறகு அவர் பெயராலேயே அழைக்கப்படும் அறுவைச் சிகிச்சை அந்த நாருக்குத்தான்.

மூன்று அணியிலும் மூன்று நல்ல கோச்சுகள் இருக்கலாம். ஒவ்வொருவரும் தன் அணியில் எத்தனை பந்து என்று மட்டும்தான் எண்ணுவார். கூட்டிப் பார்க்க வேண்டியது நீங்கள். மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வரையறைப்படி 13, 14 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 20 வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 21 முதல் 35 வரை என்றால் ஒரு நாள் ஓய்வு, 36 முதல் 50 வரை இரண்டு நாள், 51 முதல் 65 வரை மூன்று நாள், 66க்கு மேல் நான்கு நாள். வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்கு 60, ஞாயிற்றுக்கிழமை லீக்குக்கு 50 என்றால் இரண்டு கோச்சுகளின் நோட்டிலும் எல்லாம் சரியாக இருக்கும். பையனின் கையில் மட்டும்தான் கணக்கு உதைக்கும்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி நான்கே கட்டம் போடுங்கள்: தேதி, எந்த டீம், எத்தனை பந்து, அடுத்து எந்த நாளில் வீசலாம். பிட்சிங் செய்த அதே ஆட்டத்தில் கேட்சராக நிற்க விடாதீர்கள். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார். ஆண்டில் நான்கு மாதமாவது பிட்சிங் இல்லாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாகத் தலைக்கு மேல் கை தூக்கி எறியும் எதுவும் கூடாது. நியூ ஜெர்சிக் குளிரில் இது இயல்பாகவே நடந்திருக்க வேண்டியது. இன்டோர் பயிற்சி வந்து அந்த ஓய்வையும் எடுத்துக்கொண்டது.

ஆட்டத்தின்போது களைப்பை நீங்களே பார்க்கலாம். பந்து மேலே மேலே போகும். முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். இரண்டு பந்துக்கு இடையில் அதிக நேரம் எடுப்பான், தொப்பியைக் கழற்றி மாட்டுவான். அப்போது அவனிடம் "முடியுமா" என்று கேட்காதீர்கள்; எந்தப் பையனும் முடியும் என்றுதான் சொல்வான்.

ஷோகேஸ் எல்லா மாதமும் வரும். மருத்துவர் அனுமதித்த பிறகு எறியத் தொடங்கி, மவுண்டுக்குத் திரும்பவே பல வாரம் பிடிக்கும். அவசரப்பட்டுப் போய் 72 மைல் காட்டினால் அந்த எண் இணையத்தில் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: மகன் கேட்சர். "பாப் டைம் 2.0 இருந்தால்தான் பேச்சு" என்கிறார்கள். போனிலேயே அளக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வருகிறது.
– ஒரு தந்தை, ஃபிரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முடியும். பாப் டைம் என்பது பிட்சர் வீசிய பந்து கேட்சரின் கிளவுஸில் விழும் கணத்திலிருந்து, அவன் எறிந்த பந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கிளவுஸில் விழும் கணம் வரை. பேட்ஸ்மேன் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடி 3 அங்குலத்துக்குச் சற்று மேல். மேஜர் லீக் சராசரியே 2.0க்குப் பக்கம்தான். டிவிஷன் 1 கோச்சுகள் 1.95 முதல் 2.05 வரை எதிர்பார்ப்பார்கள். டிவிஷன் 3க்கு 2.1, 2.15 வைத்திருப்பவர்களும் ஆடுகிறார்கள்.

எண் மாறுவதற்குக் காரணம் ஸ்டாப்வாட்ச் கட்டைவிரல். போனை ஸ்லோமோஷனில் 240 ஃபிரேமுக்கு மாற்றுங்கள். முதல் பேஸ் பக்கம், இரண்டு கிளவுஸும் படத்துக்குள் வரும் இடத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எண்ணுங்கள். 492 ஃபிரேம் என்றால் 240ஆல் வகுத்து 2.05. சில போன்கள் வீடியோவின் தொடக்கத்தையும் முடிவையும் தானாகவே சாதாரண வேகத்துக்கு மாற்றிவிடும். எடிட் பகுதியில் முழுவதையும் ஸ்லோமோஷனாக இழுத்துவிட்டு எண்ணுங்கள். சிலர் இரண்டு "டப்" சத்தத்தை மட்டும் பதிவு செய்து கழிக்கிறார்கள். போன் ஹோம் பிளேட்டுப் பக்கம் இருந்தால் இரண்டாம் பேஸ் சத்தம் வந்துசேரவே 0.11 விநாடி ஆகும். பையன் 2.0இல் எறிந்திருப்பான், நீங்கள் 2.11 என்று எழுதியிருப்பீர்கள்.

இப்போது அந்த இரண்டு விநாடியைப் பிரித்துப் பாருங்கள். பந்தைப் பிடித்து, கைமாற்றி, விரலை விட்டு வெளியேற்றும் வரை 0.75. காற்றில் சராசரி 70 மைல் வேகத்தில் போனால் 1.24. கூட்டினால் 1.99. உங்கள் மகனுக்குக் கைமாற்ற 0.85 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 0.1 விநாடியைக் கைபலத்தால் ஈடுகட்ட 6 மைல் கூட்ட வேண்டும். ஒரு வருஷ வேலை. கால் வைப்பையும் கைமாற்றையும் திருத்தி அதே 0.1ஐ ஒரு குளிர்காலத்தில் எடுத்துவிடலாம். பந்தை முகத்துக்கு முன்னால் எட்டிப் பிடிக்காமல் வலது காதை நோக்கி வரவிடுவது, கிளவுஸ் போய்ப் பந்தைக் கொடுப்பதற்குப் பதில் எறியும் கை கிளவுஸுக்கு வருவது, வலது கால் குறுக்கே சிறியதாக வைப்பது. தினம் 30 தடவை, எறியாமல், கைமாற்று மட்டும். கைக்கும் சுமை இல்லை.

இன்னொன்று: ஷோகேஸில் 1.95 எறிந்தவன் ஆட்டத்தில் 2.15 எறிவது வழக்கம். ஷோகேஸில் பேட்ஸ்மேன் கிடையாது, வரும் பந்து ஃபாஸ்ட்பால்தான் என்று தெரியும், பாதி எழுந்து நின்று பிளேட்டுக்கு முன்னால் வந்தே பிடிக்கிறான். கோச்சுகளுக்கும் இது தெரியும். அதனால்தான் தரையில் குத்திவரும் பந்தை மார்பால் தடுக்கிறானா, பிட்சரிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க ஆட்டத்துக்கே வருகிறார்கள்.

கேள்வி: ஒரு பெரிய யுனிவர்சிட்டியிலிருந்து "எங்கள் கேம்புக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று மெயில் வந்திருக்கிறது. கட்டணம் உண்டு. இது ரெக்ரூட்டிங்தானே?
– அட்லான்டா வாசகர்

பதில்: இல்லை. மெயிலில் பையனின் பெயரைத் தவிர அவனைப் பற்றிய ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்: எந்த ஆட்டத்தில் பார்த்தார்கள், எந்தப் பொசிஷன். இல்லையென்றால் அது ஆயிரம் பேருக்குப் போன மெயில். கேம்ப் கட்டணத்தில்தான் பல இடங்களில் உதவி கோச்சுகளின் வருமானமும் அடங்கியிருக்கிறது. காலேஜ் பிடித்திருந்தால், மைதானத்தைப் பார்த்ததுபோல் ஆகட்டும் என்று போகலாம்.

கேள்வி: மகன் 11ஆம் வகுப்பு, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவன்). 5 அடி 7 அங்குலம், 140 பவுண்டு. 60 யார்ட் ஓட்டம் 7.2. ஆனால் கையும் காலும் சுத்தம், பிழையே செய்ய மாட்டான். ஜி.பி.ஏ. (பள்ளி மார்க் சராசரி) 4.0. இவனுக்கு வழி உண்டா, படிப்பைப் பார்க்கச் சொல்லிவிடலாமா?
– ஒரு அம்மா, கேரி, வட கரோலினா

பதில்: இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. டிவிஷன் 3இல் ஏறத்தாழ 400 காலேஜ்கள் பேஸ்பால் ஆடுகின்றன. எமரி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எம்.ஐ.டி., சிகாகோ யுனிவர்சிட்டி, செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் யுனிவர்சிட்டி எல்லாம் அதில்தான். "மூன்றாவது" என்றதும் தரம் மூன்று என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

முதலில் எண்களை நேர்மையாகப் பேசிவிடுவோம். 7.2 ஷார்ட்ஸ்டாப்புக்கு மெதுவு. கையால் அளந்த 7.2 என்றால் லேசரில் அது 7.3, 7.4 ஆகலாம், கைக்கடிகாரம் எப்போதும் ஓடுபவன் பக்கம்தான் சாயும். 60 யார்டில் நேரம் பெரும்பாலும் வீணாவது முதல் 10 யார்டில்தான். பேஸ் திருடுவது போலப் பக்கவாட்டாக நின்று தொடங்க வேண்டும். பலர் முதலில் நிமிர்ந்துவிடுகிறார்கள், முதல் எட்டிலேயே காலைப் பின்னால் வைக்கிறார்கள். எட்டு வாரம் தொடக்கத்தை மட்டும் பழகினால் ஒன்றிரண்டு பத்தில் ஒரு பங்கு விநாடி இறங்குவது நடக்கிற காரியம். 15 பவுண்டு தசை ஏற்றினால் ஓட்டமும் அடியும் சேர்ந்து தேறும். ஷார்ட்ஸ்டாப் என்று மட்டும் எழுதாமல் இரண்டாம் பேஸையும் சேர்த்து எழுதட்டும். காலேஜில் இரண்டாம் பேஸில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஹைஸ்கூலில் ஷார்ட்ஸ்டாப் ஆடியவர்கள்தான்.

படிப்பில் கெட்டியான டிவிஷன் 3 காலேஜ்களில் நடைமுறை இப்படி: 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில், கோச்சுக்குப் பையனைப் பிடித்திருந்தால் மார்க் பட்டியலை வாங்கி அட்மிஷன் ஆபீஸில் முன்கூட்டியே காட்டுவார். இதை ப்ரீ-ரீட் என்பார்கள். பச்சைக்கொடி வந்தால், இலையுதிர் காலத்தில் ஏர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார். சேர்க்கைக் குழுவிடம் சொல்லிக்கொள்ள அவருக்குச் சில பெயர்கள்தான் உண்டு, அதில் ஒன்றாக உங்கள் மகனைக் கொடுப்பார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "உன் ஆட்டம் எங்களுக்குப் பிடிக்கும், விண்ணப்பி" என்று கோச் சொல்வது சீட் இல்லை. பையன் நேராக மூன்று கேள்வி கேட்க வேண்டும்: என் மார்க்கை அட்மிஷனில் காட்டிவிட்டீர்களா, என்ன சொன்னார்கள்? உங்கள் ஆதரவுப் பட்டியலில் நான் இருக்கிறேனா? என் ஆண்டில் இன்னும் எத்தனை இன்ஃபீல்டர்களை (பேஸ்களுக்கு அருகில் நிற்பவர்களை) எடுக்கிறீர்கள்? மூன்றுக்கும் சுற்றிவளைத்துப் பதில் வந்தால் ஏர்லி டிசிஷனை அங்கே செலவழிக்காதீர்கள். அதை ஒரு காலேஜுக்குத்தான் போட முடியும், கிடைத்தால் போயே ஆக வேண்டும்.

கேள்வி: பேஸ்பாலால் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?
– பலர்

பதில்: அபூர்வம். நெடுங்காலமாக ஒரு டிவிஷன் 1 அணிக்கு மொத்தமே 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். 2025-26 முதல் காலேஜ் ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்ற காலேஜ்களில் அந்த உச்சவரம்பு போய், அணியில் 34 பேர் மட்டும் என்ற வரம்பு வந்திருக்கிறது. 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது; எல்லாக் காலேஜிடமும் அதற்குப் பணம் இல்லை. 40 பேர் இருந்த அணியில் இப்போது 34 பேர் என்றால் நாற்காலி குறைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். டிவிஷன் 2இல் 9 ஸ்காலர்ஷிப்பைப் பங்கிடுகிறார்கள். டிவிஷன் 3இலும், ஹார்வர்ட், யேல் இருக்கும் ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலரும் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு, பல சமயம் அதுவே டிவிஷன் 1 கொடுக்கும் கால்பங்கைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டு வருஷ ஜூனியர் காலேஜ்களை யாரும் கேட்பதில்லை. செலவு குறைவு, முதல் வருஷமே ஆட வாய்ப்பு, பிறகு நாலு வருஷக் காலேஜுக்கு மாறலாம்.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வரி: மத்திய அரசின் கல்வி உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு போன்ற தகுதி உள்ளவர்களுக்கும்தான். காலேஜ் தன் கையிலிருந்து தரும் ஸ்காலர்ஷிப்புக்கு அந்தத் தடை இல்லை.

டிவிஷன் 1, 2 இரண்டிலும் ஆடத் தகுதி பெற ஹைஸ்கூலில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள்) வேண்டும்; அவற்றில் டிவிஷன் 1க்குக் குறைந்தது 2.3, டிவிஷன் 2க்கு 2.2 ஜி.பி.ஏ. டிவிஷன் 1க்கு 12ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே 10 கோர் பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில். நம் பிள்ளைகள் இதில் விழுவது அரிது. ஸ்கூல் மாறிய பிள்ளைகளுக்கு மட்டும் எந்தப் பாடம் கணக்கில் வரும் என்று கவுன்சிலரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் 10ஆம் வகுப்பு. கோச்சுகளுக்கு வீடியோ அனுப்ப வேண்டும் என்கிறார்கள். அப்பா பாட்டுப் போட்டு ஆறு நிமிஷத்துக்கு எடிட் செய்திருக்கிறார். அனுப்பலாமா?
– மாணவன், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: அப்பாவின் உழைப்பைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிடு. கோச்சுக்கு இரண்டரை நிமிஷம் போதும், பாட்டு வேண்டாம். பேட்டில் பந்து படும் சத்தம்தான் அவருக்குப் பாட்டு. முதல் திரையில் பெயர், பட்டம் முடிக்கும் ஆண்டு, பொசிஷன், எந்தக் கை, உயரம், எடை, ஸ்கூல், ஜி.பி.ஏ. முதல் 15 விநாடியில் உன் சிறந்த விஷயத்தைப் போடு, பலர் அதற்கு மேல் பார்ப்பதில்லை. பேட்டிங் என்றால் மார்புப் பக்கமிருந்து ஐந்து தடவை அடிப்பது, பின்னாலிருந்து ஐந்து தடவை அடிப்பது, வெட்டாமல் தொடர்ச்சியாக. ஒரே ஒரு ஹோம் ரன்னைத் திரும்பத் திரும்பக் காட்டாதே. இன்ஃபீல்டில் நேராக வரும் பந்து, இருபக்கமும் இரண்டிரண்டு, மெதுவாக உருண்டு வருவதை ஓடிவந்து எடுப்பது. ஒவ்வொன்றிலும் எறிந்த பந்து முதல் பேஸைச் சேரும் வரை படம் தெரிய வேண்டும். பிட்சர் என்றால் ஒவ்வொரு வகைப் பந்திலும் மூன்று, பிட்சரின் முதுகுப் பக்கமிருந்து.

மெயிலை நீயே எழுது, உன் முகவரியிலிருந்து. பெற்றோர் எழுதியது இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். சப்ஜெக்ட் வரியில் ஆண்டு, பொசிஷன், மாநிலம், ஒரு நல்ல எண், ஜி.பி.ஏ. உள்ளே நாலே வரி: யார் நீ, ஏன் அந்தக் காலேஜ் (வேறு காலேஜின் பெயரை மாற்ற மறந்து அனுப்புகிறவர்கள் வாரம் ஒருவராவது உண்டு), வீடியோ லிங்க், அடுத்து எங்கே எந்தத் தேதியில் ஆடுகிறாய். டிவிஷன் 1 பதில் வராவிட்டால் கலங்காதே. 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை அவர்களால் எழுத முடியாது. படிப்பார்கள்.

கேள்வி: 13 வயது மகன் டிராவல் டீமில் மைதானத்துக்கு வெளியே அடித்துக்கொண்டிருந்தான். ஹைஸ்கூல் பேட் வாங்கியதிலிருந்து பந்து இன்ஃபீல்டைத் தாண்டவில்லை. பேட் கோளாறா?
– ஒரு தந்தை, ஃபீனிக்ஸ்

பதில்: பேட் சரியாகத்தான் இருக்கிறது, பழையதுதான் அவனை மிகைப்படுத்திக் காட்டியது. டிராவல் ஆட்டங்களில் பலரும் பிடிக்கும், யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் முத்திரை உள்ள பேட்டில் பந்து கூடுதலாகத் துள்ளும். ஹைஸ்கூலில் மரபேட்டைத் தவிர, பிபிகோர் முத்திரை உள்ளது மட்டுமே செல்லும். மரபேட்டைப் போலவே துள்ள வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. அதோடு எடை. நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் எழுதிக் கழித்தால் வித்தியாசம் 3க்கு மேல் போகக்கூடாது. 32 அங்குலத்துக்கு 29 அவுன்ஸ். இதுவரை அவன் 32க்கு 24 பிடித்திருந்தால் ஒரேயடியாக 5 அவுன்ஸ், 140 கிராம் கூடியிருக்கிறது. கை கீழே இறங்கி, பேட் முனை பின்தங்கி, எல்லாமே எதிர்ப்பக்கம் மெதுவாகப் போகும்.

நீளத்தைக் குறைத்து 31 அங்குலம், 28 அவுன்ஸில் தொடங்குங்கள். இரண்டு மாதம் பயிற்சியில் அதை மட்டும் பிடிக்கட்டும், ஆட்டத்தில் பழையது இருந்துவிட்டுப் போகட்டும். டீயில் (பந்தை வைக்கும் கம்பம்) வைத்து 25 தடவை அடிக்கட்டும், பந்து பேட்டின் தடித்த பகுதியில் பட்ட தழும்பு எங்கே என்று பார்த்துக்கொண்டே. அடித்த பந்தின் வேகத்தை யாராவது உங்களிடம் சொன்னால், எந்தப் பேட்டில், டீயில் வைத்தா வீசிய பந்திலா என்று கேளுங்கள். பழைய பேட்டில் எடுத்த எண்ணை ரெக்ரூட்டிங் பக்கத்தில் போட்டுவிட்டு, ஷோகேஸில் மரபேட்டைப் பிடித்ததும் அது 8, 10 மைல் இறங்கினால், கோச் பையனைச் சந்தேகப்பட மாட்டார். மீதி எல்லா எண்ணையும் சந்தேகப்படுவார்.

கேள்வி: ஆட்டத்தின்போது வலைக்குப் பின்னால் நின்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? ஸ்கவுட் வந்திருந்தால் மட்டும்தான் சொல்வேன்.
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: ஸ்கவுட் உங்களுக்கு ரெண்டு அடி தள்ளித்தான் நிற்பார், அவர் நோட்டில் பெற்றோருக்கும் ஒரு வரி உண்டு. தண்ணீர் பாட்டிலைக்கூட பையனே எடுத்துக்கொள்ளட்டும்.